அக்காவுக்குத் தொக்கம் எடுத்த வருஷம்

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும், சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி நின்ற ஒரு நாள் அவர்களுக்கு இருக்கும். சோறு வேண்டாம் என்று இரண்டு வேளை சேர்ந்தாற்போலச் சொல்லிவிட்டால் போதும். வயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள். “தொக்கம் விழுந்திருக்கு” என்பார்கள். தின்றதில் ஏதோ ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டு, அடுத்து வருவதை இறங்கவிடாமல் மறிக்கிறது என்று அர்த்தம். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வயிற்றை நீவி, தொண்டையை நீவி, சிறு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி, கடைசியில் வாழை இலைத் துண்டில் எதையோ வைத்துக் காட்டுவார்கள். எனக்கு எடுத்தபோது வந்தது கடலை மிட்டாய். நான் கடலை மிட்டாய் தின்று மாதக்கணக்காகியிருந்தது. ஆனாலும் இலையில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எப்படி இல்லை என்பது? வீட்டுக்கு வந்து தோசை தோசையாக உள்ளே தள்ளினேன்.

நண்பர்கள் கூடினால் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சிரிப்பேன். அக்காவுக்கு எடுத்ததை மட்டும் இதுவரை எங்கும் சொன்னதில்லை.

எங்கள் வீடு நத்தம் ரோட்டை ஒட்டிய ஒரு ஊரில். மல்லிகைத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கா அப்போது பத்தாவது, நான் ஆறாவது. விடிவதற்கு முன் எல்லோரும் பூ எடுக்க இறங்குவோம். வேன் வந்து மூட்டைகளைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம்.

பத்தாவது வந்தும் அக்கா வயதுக்கு வரவில்லை. அது அக்காவுக்குக் கவலையாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஊருக்குக் கவலையாக இருந்தது. கூலிக்குப் பூ எடுக்க வரும் பெண்கள் அம்மாவை நேராகவே கேட்பார்கள்.

“ஏக்கா, பிள்ளைக்குச் சோறு போடுறியா, இல்ல அம்புட்டுப் பூவையும் வித்து மண்ணுக்குள்ள பொதச்சு வைக்கிறியா?”

“போடாம என்ன? அவ ஒடம்பு வாகு அப்பிடி.”

“என்ன வாகோ. குச்சி ஒண்ணு பாவாடை கட்டிக்கிட்டு நடக்குற மாதிரியில்ல இருக்கு.”

அம்மா அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவாள். நம் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை ஒல்லியாக இருந்தால் வசவு அவளுக்கு விழாது. அவளைப் பெற்றவளுக்கு விழும்.

அந்த வருஷம் தை மாதத்தில் அக்கா வயதுக்கு வந்தாள். அம்மாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை, நான் பிளஸ் டூ பாஸான அன்றுகூடப் பார்க்கவில்லை. நத்தத்தில் புளி வியாபாரம் பார்த்த எங்கள் தாய்மாமன் தென்னங்கீற்று கொண்டுவந்து அவள் சடங்கு வரை தனியாக இருக்க வீட்டின் பக்கவாட்டில் குச்சு கட்டினார். கூடவே ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டை. அதற்குப் பிறகு வீடு முழுவதும் ஒரே வேலைதான்: அக்காவைச் சாப்பிட வைப்பது.

காலையில் பச்சை முட்டை, அதன் மேல் நல்லெண்ணெய். “மூக்கப் புடிச்சுக்கிட்டு ஒரே முழுங்கா முழுங்குத்தா.” பிறகு உளுந்தங்களி. கருப்பட்டிப் பாகும் எண்ணெயும் மிதக்கும். சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்பது என் பங்கு. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அது ஒரு திருவிழா. அக்கா குச்சுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவாள். எதிரில் அம்மா உட்கார்ந்து ஒவ்வொரு உருண்டையும் உள்ளே போகிறதா என்று பார்ப்பாள். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்கள் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். சிலர் கன்னத்தைக் கிள்ளுவார்கள். சிலர் மேல்கையைப் பிடித்து அமுக்குவார்கள், சந்தையில் ஆடு பிடிக்கிறவர் முதுகை அமுக்கிப் பார்க்கிற மாதிரி.

“கழுத்துக் குழி மூடிக்கிட்டு வருதே!”

“இப்பத்தான்டி பொம்பளப் பிள்ள மாதிரி இருக்க.”

எல்லாம் சந்தோஷத்தில் சொன்னது. அதில் ஒரு வார்த்தைகூடக் கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை.

சடங்கு முடிந்து குச்சைப் பிரித்த பிறகு அக்கா பழையபடி பள்ளிக்கூடம் போனாள். மாசி நடுவில்தான் சோறு குறைய ஆரம்பித்தது. முதலில் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை ஒதுக்கினாள். பிறகு சோற்றைத் தட்டின் ஓரமாகத் தள்ளித் தள்ளி, தின்ற மாதிரி ஒரு பள்ளம் செய்து வைப்பாள். அம்மா கேட்டால் ஒரே பதில்.

“எறங்க மாட்டேங்குதும்மா. இங்கனயே நிக்குது.” தொண்டைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டுவாள்.

பங்குனியில் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கின. சடங்குக்கு எடுத்த அரக்குப் பட்டுப்பாவாடையை ஒரு கல்யாணத்துக்குக் கட்டியபோது, இடுப்பில் நிற்காமல் அம்மா ஊக்குக் குத்தினாள். பொதுத்தேர்வில் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். எழுத்தெல்லாம் மங்குகிறது என்றாள்.

கண் பட்டிருக்கும் என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி வந்தது, ஆகவே கண் இல்லை என்று முடிவாயிற்று. பிறகு டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர். அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னம்மா, நடிகை மாதிரி ஸ்லிம்மா ஆகணும்னு பட்டினி கிடக்கிறியா?”

“இல்ல சார்.”

“கண்ணாடியில பார்த்தா குண்டா இருக்கிற மாதிரி தோணுதா?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “எங்க வீட்டுக் கண்ணாடியில மூஞ்சி மட்டுந்தான் சார் தெரியும்.”

டாக்டர் சிரித்துவிட்டார். பூச்சி மாத்திரையும் ஒரு டானிக்கும் எழுதிக் கொடுத்தார். டானிக் இனிப்பாக இருந்ததால் பாதியை நான் குடித்தேன்.

பல வருஷம் கழித்துக் கல்லூரியில் உளவியல் ஒரு பாடமாக வந்தபோது, அந்த இரண்டு கேள்விகளும் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்தேன். சாப்பிட மறுக்கும் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நிற்பார்கள், தங்களைக் குண்டு என்பார்கள், ஒல்லியாக வேண்டும் என்று ஆசைப்படுவார்கள் என்றிருந்தது. வேறு ஏதோ ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டு எழுதியது. அந்த ஊரில் ஒல்லி என்றால் அழகு. எங்கள் ஊரில் ஒல்லி என்றால் வீட்டில் சோறில்லை. டாக்டர் படித்தது அந்தப் புத்தகம். அக்கா வளர்ந்தது இந்த ஊர். அவள் இல்லை என்றதும் அந்த நோயும் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

இப்போது நான் ஆலோசகராக வேலை பார்க்கும் பள்ளியில் அதே கேள்விகளைக் கேட்டால் பிள்ளைகள் ஆமாம் என்கிறார்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பெண்பிள்ளைகள் டயட் என்கிறார்கள். ஒன்பதாவது படிக்கும் பையன் மார்பு அகலமாகவில்லை என்று ஜிம் பவுடருக்கு அழுகிறான். ஆனால் இடையில் எப்போதாவது ஒரு பிள்ளை வந்து, “எறங்க மாட்டேங்குது சார்” என்று தொண்டையைக் காட்டும்போது நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அது சொல்வதைக் கேட்கிறேன்.

டானிக் தீர்ந்தது. அக்கா இன்னும் இளைத்தாள். தொண்டையில் நிற்கிறது என்று பிள்ளை தன் வாயாலேயே சொல்கிறது. அதற்கு நம் பக்கத்தில் பெயர் உண்டு. அம்மா எங்கள் இருவரையும் நாகல் நகருக்குக் கூட்டிப்போனாள். சந்துக்குள் ஒரு வீடு. வாசலில் பிள்ளைகளோடு தாய்மார்கள் காத்திருந்தார்கள். தொக்கம் எடுக்கும் அம்மாள் வெற்றிலை மென்றபடி விசாரித்தாள்.

“எந்தூருத்தா? என்ன வெள்ளாம?”

“நத்தம் ரோடுங்க. மல்லிப்பூ போட்டிருக்கோம்.”

“பூவா? அதான், அதான். எங்கத்தா நிக்குது? காட்டு.”

அக்கா காட்டினாள். அந்த அம்மாள் வயிற்றிலிருந்து மேலே மேலே நீவினாள். அக்கா ஓங்கரித்தாள். பித்தளைச் சட்டியில் எல்லாம் வந்து விழுந்தது. அதற்குள் கையை விட்டுத் துழாவி, இலையில் எடுத்து வைத்தாள்: மயிர்ச் சுருள் ஒன்று, கருத்துப்போன சோறு, நடுவில் ஒரு பூக்காம்பு.

“பாருத்தா. பூ எடுக்கயில வாயில வச்சு மென்னுருக்கு. இதுதான் அடச்சுக்கிட்டு இருந்திருக்கு.”

அம்மா அந்த இலையைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். பெரிய பாரம் இறங்கியவள் மாதிரி அந்த அம்மாளின் காலைத் தொடப் போனாள். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அதில் ஒரு தெளிவும் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹோட்டலில் அக்கா புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துத் தின்றாள். எதிரில் அம்மா டீயை மறந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து அக்கா எல்லாம் சாப்பிட்டாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள், கேட்டு வாங்கியும் சாப்பிட்டாள். மாமன் கறி எடுத்து வந்தார். “எங்கக்கா மகளுக்கு ஒண்ணுமில்ல, அம்புட்டும் தொக்கம்” என்று தெருவெல்லாம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் பேத்தியையும் நாகல் நகருக்குக் கூட்டிப்போனாள்.

ஆனால் வளையல் முழங்கைக்கு ஏறுவது நிற்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் சாக்கு கட்டி மறைத்த குளியலறை இருந்தது. சாப்பிட்ட கையோடு அக்கா கை கழுவ அங்கேதான் போவாள். கொஞ்ச நாளில் எங்கள் கோழிகள் அக்கா தட்டின் முன் உட்காருவதைப் பார்த்ததும் குளியலறைப் பக்கம் போய்க் கூட ஆரம்பித்தன. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அம்மா ஒருநாள் விளக்குமாறோடு அங்கே போனவள், வெகுநேரம் வரவில்லை. வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“ஒரு தொக்கந்தான் வந்திருக்கு போல. உள்ள இன்னொண்ணு இருக்கு. வெள்ளிக்கிழம திருப்பிக் கூட்டிட்டுப் போறேன்.”

“போயிட்டு வா” என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே, விடிகாலையில், பூ எடுத்துக்கொண்டிருந்த அக்கா செடிகளுக்கு நடுவில் விழுந்தாள். சித்திரை மாதம், பூ கொட்டிக் கிடந்த நேரம். சத்தமே இல்லை. அடுத்த வரிசையில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தபோது மடியிலிருந்த மொட்டெல்லாம் சிதறிக் கிடந்தது. அப்பா பூ வேனை மறித்து, மூட்டைகளின் மேலேயே அக்காவைக் கிடத்தி, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு இளவயதுப் பெண் டாக்டர் இருந்தார். இரண்டாம் நாள், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சும்மா பேசுகிற மாதிரி பேசினார். பெரிய கெட்டிக்காரர் என்றெல்லாம் சொல்ல முடியாது. அன்றைக்கு அவருக்கு நேரம் இருந்தது.

“சாப்பிட உட்காரும்போது என்னடா ஆகுது?”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

“எல்லாரும் பாக்குறாங்க.”

“யாரு?”

“எல்லாருந்தான். சாப்புடயில வாயப் பாக்குறாங்க. சாப்புட்டா ஒடம்பப் பாக்குறாங்க. கையப் புடிச்சுப் புடிச்சுப் பாக்குறாங்க. நெனச்சாலே இங்க அடச்சுக்குது.”

“அப்புறம் வாந்தி எடுக்கிறியே, அது எப்ப இருந்து?”

“தொக்கம் எடுத்த அன்னைக்கு வயிறு லேசா இருந்துச்சு. அம்மாவும் சந்தோசப்பட்டுச்சு. நான் சாப்புட்டா அம்மாவுக்குச் சந்தோசம். அப்புறம் லேசாக்கிட்டா எனக்கும்…”

“பெத்தவ பாக்காம வேற யாரு டாக்டரம்மா பாப்பா?” என்று அம்மா கேட்டாள். டாக்டர் அப்பாவை வெளியே கூட்டிப்போய், இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்று சொன்னார். பிழைப்பாள் என்று இப்போதைக்கு உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அப்பா அதை எங்களிடம் சொன்னது வெகுநாள் கழித்து.

மதுரையில் மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். மாமன் சண்டைக்கு வந்தார். “எங்கக்கா மகளுக்குக் கிறுக்கா? நாளைக்கு எவன் வருவான் பொண்ணு கேட்டு?” அப்பா, “பிள்ள இருந்தாத்தானப்பா பொண்ணு கேக்குறது” என்றார். அவர் மாமனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மதுரையில் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். அம்மா அதைச் சிரத்தையாகச் செய்தாள். ஆனால் முன்னைவிட உற்றுப் பார்த்தாள். குளியலறை வரைக்கும் கூடவே போனாள். அக்கா கஞ்சி டம்ளரைக் கையில் பிடித்தபடி ஆறவிட்டுக்கொண்டே இருப்பாள். அது பிடிவாதமில்லை, அவளால் முடியவில்லை.

இதை எழுதலாமா என்று போன மாதம் அக்காவிடம் கேட்டேன். சின்னாளப்பட்டியில் இருக்கிறாள். சுங்குடிச் சேலைக் கடையில் வேலை, ஒரு பையன். இன்னமும் மனசு சரியில்லாத வாரங்களில் தட்டைத் தள்ளி வைக்கிறாள். அவளே மதுரைக்கு பஸ் ஏறிவிடுகிறாள். “எழுதிக்க. ஆனா ஒல்லியா இருந்தேன்னு மட்டும் எழுதிராத. இப்பவும் அம்மாவத்தான் வைவாங்க” என்றாள்.

மதுரைக்குப் போய்வந்த அந்தக் கோடையில் ஒரு மத்தியானம். அம்மா அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, தட்டில் தயிர்ச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அப்பாவுக்கும் எனக்கும் பரிமாறியாயிற்று. அக்கா கேட்டாள்.

“நீ எப்பம்மா சாப்புடுவ?”

“நானா? எல்லாரும் சாப்புட்டு முடிக்கட்டும்.”

“நீ சாப்புட்டு நான் பாத்ததே இல்லம்மா.”

அம்மா சிரித்தாள். “அத என்னத்தப் பாக்குறது?”

“ஒனக்கு ஒரு தட்டு போடு. நீ தின்னா நான் திங்கிறேன்.”

“நான் அப்புறமாத்தா…”

“அப்ப நானும் அப்புறமா.”

உண்மையில் நானும் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றுகொண்டோ, பாத்திரம் கழுவுமுன் சட்டியோடு குனிந்தோ எப்போதோ சாப்பிட்டிருக்க வேண்டும். அப்பா தலையை நிமிர்த்தாமல், “போடு, போட்டுக்க” என்றார். அம்மா ஒரு தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். உருட்டினாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

“இப்பிடி ஆளாளுக்கு வாயவே பாத்தா எப்பிடிடி திங்கிறது?”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“நான் பாக்கலம்மா. நீ தின்னு.”

அம்மா கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். நான் மீதியிருந்த திசைக்குத் திரும்பினேன். பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மெல்லும் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டேன். செத்த நேரம் கழித்து அக்கா பக்கமிருந்தும் கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா உறைமோருக்கு வந்து வாசலில் நின்றாள்.

“என்னப்பா இது, ஆளுக்கொரு பக்கமா? வீட்டுக்குள்ள சண்டையா?”

“ஆமாக்கா, பெரிய சண்ட. செத்த நேரங்கழிச்சு வா” என்றாள் அம்மா, வாய் நிறையச் சோற்றோடு.

பெரியம்மா போன பிறகு அக்கா எழுந்து, தட்டைக் கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்தாள். அம்மா நாலு தட்டையும் சேர்த்து அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். அக்கா எவ்வளவு சாப்பிட்டாள், எவ்வளவு மிச்சம் வைத்தாள் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.